மின்கம்பியின் கீழே வீட்டுக்கால் நடலாமா?

(நமது கிளையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)



இன்று நாம் பேச வந்திருப்பது சம்பளத்தைப் பற்றியதன்று; போனஸைப் பற்றியதுமன்று. வீட்டைப் பற்றியது.

நிர்வாகத்தார் சென்ற மாதம் சங்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். ஓய்வு பெற இருக்கும் 32 குடும்பங்களுக்குத் தோட்டத்தின் கீழ்க்கோடியில் வீட்டுமனை ஒதுக்கித் தர இணங்குவதாக அதில் எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுப் பெற்ற பதில் இது. அதற்காக நாம் மகிழ்ச்சி அடைகிறோம். நிர்வாகத்துக்கு நன்றியும் சொல்லுகிறோம்.

ஆனால் அந்தக் கடிதத்தோடு ஒரு வரைபடமும் வந்திருக்கிறது. அதில் மனைகளுக்குக் குறுக்கே இரண்டு புள்ளிக்கோடுகள் ஓடுகின்றன. அவை என்ன என்று எங்கும் விளக்கம் எழுதவில்லை. ஆனால் கீழ்க்கோடியில் மரம் வெட்டுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பெரிய இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றனவே, அந்த மின்கம்பிப் பாதைதான் அது. நாம் "ரெண்டிஸ்" என்று சொல்லுகிறோமே, அதுதான். 32 மனைகளில் 11 மனைகள் அந்தப் புள்ளிக்கோடுகளுக்குள் விழுகின்றன.

கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? இதுதான் இன்றைய கேள்வி. நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிலம் வேண்டும், ஆனால் அந்த 11 மனைகளில் ஒரு வீட்டுக்கால்கூட நடக்கூடாது. ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

தோழர்களே, நமக்கு வீட்டின்மேல் இவ்வளவு ஆசை ஏன்? லயத்து வீடு நம்முடையதன்று. பாட்டன் பிறந்த வீடு, தகப்பன் பிறந்த வீடு, நாம் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ளுகிறோம். ஆனால் அது வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டிய வீடு. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் குடியிருந்த காரணத்தால் மட்டும் நிலம் நமக்குச் சொந்தமாகிவிடாது. இந்நாட்டு நிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 60 வயதில் ஓய்வு பெறுகிற ஒருவர், இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போன கால்களோடு, இனி எங்கே போய் நிற்பது என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் நம்மை எந்த நிலத்தைக் கண்டாலும் ஓடச் செய்கிறது.

இது இன்று நேற்று வந்த ஓட்டமன்று. 1950-களிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் மனவேதனையோடு சொல்லும் காலம் அது. அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க முடியும் என்று அந்தச் சங்கம் காட்டியது. ஆனால் எல்லாரையும் அது காப்பாற்ற முடியவில்லை. வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் எங்கே போய்க் குடிசை போட்டார்கள்? யாரும் உடனே வந்து விரட்டாத இடத்தில் போட்டார்கள். ரயில் தண்டவாளத்து ஓரம், ஆற்றங்கரை, மின்கம்பியின் கீழ்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த இடங்கள் ஏன் காலியாகக் கிடந்தன? ஆண்டவன் ஏழைக்கென்று விட்டுவைத்த இடமா? இல்லை. ஒவ்வொன்றின்மேலும் வேறொருவர் உரிமை இருந்தது. காலி நிலத்தைக் கண்டால் "இது எவ்வளவு விலை?" என்று கேட்பதற்கு முன்னால் "இது ஏன் காலியாகக் கிடக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை நாம் கேட்கத் தவறிய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லுகிறோம்.

நம் தோட்டத்திலே 40 ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய ஒரு பெரியவர் 2018-இல் ஓய்வு பெற்றார். அவர் பெயர் வேண்டாம். இங்கே பலருக்குத் தெரியும். சேமநிதிப் பணம் கையிலே வந்தது. வெளியே ஒரு தரகர், ஒரு செம்பனைத் தோப்பைச் சின்னச் சின்ன மனைகளாகக் கோடு போட்டு விற்றுக்கொண்டிருந்தார். மற்ற இடத்து விலையில் பாதிதான். பெரியவர் ஆபீசுக்கு வந்தார். "தம்பி, நீ படித்த பிள்ளை. இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல். எனக்கு மலாய் வாசிக்க வராது," என்றார்.

உங்கள் முன்னே நின்று பேசுகிற நாம்தான் அதை வாசித்தோம். பெயர் சரியாக இருக்கிறது, அடையாளக் கார்டு எண் சரியாக இருக்கிறது, தொகை சரியாக இருக்கிறது என்று சொன்னோம். பணம் கொடுத்த ரசீதையும் நாமே எழுதிக் கொடுத்தோம். நிலத்தைப் போய்ப் பார்க்கவில்லை. நில அலுவலகத்தில் விசாரிக்கவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்த படத்தில் ஒரு கோடு போயிற்று. அது மண்பாதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அது மண்பாதையன்று. பெரியவர் 2021-இல் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பி, கூரைக்குத் தகரமும் போட்டுவிட்டார். கம்பிப் பாதையைச் சரிபார்க்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இந்த இடத்தில் கட்டடம் கூடாது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். அவர் தரகரைத் தேடிப் போனார். தரகர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். நில அலுவலகத்துக்குப் போனார். அந்த நிலத்தின் கிராண்டில் அவர் பெயரே இல்லை. கடைசியில் தம் கையால் போட்ட தகரத்தைத் தம் கையாலேயே கழற்றினார்.

இன்று அவர் பட்டணத்திலே மகள் வீட்டில், அடுக்குமாடியில் இருக்கிறார். நாம் போய்ப் பார்த்தோம். நம்மை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "அந்தத் தாளில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. தோழர்களே, தாள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது? சுருக்கமாகவும் எளிமையாகவும் சொல்லுகிறோம்.

ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கலாம். அதே நிலத்தின்மேல் உரிமை உடையவர்கள் வேறு சிலரும் இருக்கலாம். இதை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, பக்கத்து நிலத்துக்காரருக்கு உள்ள வழியுரிமை. உங்கள் நிலத்தைக் கடந்துதான் அவர் ரோட்டுக்குப் போக வேண்டும் என்றால், நீங்கள் எழுதிக் கொடுத்து, 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி அதைப் பதிவு செய்யலாம். பதிவு செய்தபின் நிலம் கைமாறினாலும் அந்த உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். வாங்குகிறவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அதே சமயம், நெடுங்காலம் நடந்த பாதை என்பதனால் மட்டும் இப்படிப்பட்ட உரிமை பிறந்துவிடாது. இந்நாட்டில் நில விஷயத்தில் பதிவுதான் பேசும்.

இரண்டாம் வகை, மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளுக்குச் சட்டமே கொடுத்திருக்கும் உரிமை. 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற மின்சார நிறுவனம் நிலத்துக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு, அவர் நிலத்தில் கம்பம் நடலாம், கம்பி இழுக்கலாம், பின்னால் வந்து பழுது பார்க்கலாம், கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை வெட்டலாம். நிலத்துக்காரர் ஆட்சேபம் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். ஆனால் இந்த உரிமை எல்லா நிலத்திலும் கிராண்டில் எழுதப்பட்டிருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. கிராண்ட் சுத்தமாக இருக்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தால் கம்பி போகும். ஆகவே கண்ணாலும் பார்க்க வேண்டும், கேட்டும் எழுத்தில் வாங்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஆறு, ரோடு, ரயில் ஆகியவற்றுக்கென்று ஒதுக்கிய நிலம். அது தனியாருக்குச் சொந்தமே அன்று. அதை ஒருவர் விற்கிறார் என்றால், தமக்கு இல்லாததை விற்கிறார் என்று பொருள்.

இவற்றோடு சேர்த்து இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைத்தான் "லோட் லீடி" என்கிறார்கள். ஈர்க்குச்சி போல் ஒடித்த மனை. விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு, ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு, குறைவாகத் தனித்தனிக் கிராண்டாகப் பிரிக்கப் பொதுவாகச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனால் தரகர்கள் தாளிலே கோடு போட்டுப் பிரித்து விற்கிறார்கள். வாங்கியவருக்குத் தனிக் கிராண்ட் வராது. நன்றாகப் போனால் பத்துப் பதினைந்து பேரோடு ஒரு பங்கு. இல்லாவிட்டால் வெறும் ரசீது. நம் பெரியவருக்குக் கிடைத்தது வெறும் ரசீதுதான்.

"கம்பி வானத்தில் போகிறது, வீடு மண்ணில் நிற்கிறது, இதிலே என்ன தகராறு?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி.

கிள்ளான் கோனாட் பிரிட்ஜ் மின் நிலையம் 1953-இல் வந்தது. கேமரன் மலை நீர்மின் திட்டம் 1963-இல் வந்தது. அப்படி உண்டாக்கிய மின்சாரத்தைப் பட்டணங்களுக்குக் கொண்டுபோகக் கம்பி இழுத்தபோது, வழியிலே பால்மரங்களை வெட்டிப் பாதை போட்டார்கள். இன்று நம் தீபகற்பத்தின் பெரிய கம்பிகளில் 132,000 வோல்ட்டும், 275,000 வோல்ட்டும், 500,000 வோல்ட்டும் ஓடுகின்றன. நம் வீட்டு விளக்குக்கு 230 வோல்ட் போதும். வித்தியாசத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த அளவு மின்சாரத்துக்குத் தொடுவது தேவையில்லை. நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். அடுத்து, கம்பி ஒரே உயரத்தில் நிற்பதில்லை. வெயில் ஏறினாலும், மின்சாரம் அதிகமாக ஓடினாலும், கம்பி சூடாகி நீண்டு கீழே தொய்யும். காற்றடித்தால் பக்கவாட்டில் ஆடும். காலையில் பார்த்த இடைவெளி மத்தியானத்தில் இராது. கம்பியின் கீழே குப்பையைக் கொளுத்தினால், அந்தப் புகையின் வழியாகவும் மின்சாரம் பாயக்கூடும். தகரக் கூரையிலும் நீண்ட முள்வேலியிலும், கம்பி தொடாமலேயே மின்சாரம் ஏறி, தொட்டவரைத் தாக்கக்கூடும். செம்பனைக் குலை வெட்டுகிற தோழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட அலுமினியக் கழி கம்பியில் பட்டால் ஆள் பிழைப்பது அரிது.

இன்னும் ஒரு காரணம் உண்டு. கம்பி அறுந்தால் உடனே வந்து சீர் செய்ய வேண்டும். கிரேன் வர வேண்டும், லாரி வர வேண்டும். அந்த வழியில் நம் வீடு நின்றால், நமக்கும் ஆபத்து. இருட்டில் கிடக்கும் ஆயிரம் வீட்டாருக்கும் தொல்லை.

தலைக்கு மேலே ஆபத்து இப்படி என்றால், காலுக்குக் கீழேயும் உண்டு. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் மண்ணுக்கு அடியில் போகும் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியதை நாம் எல்லாரும் பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அநேக வீடுகள் எரிந்தும் சிதைந்தும் போயின. அங்கே குடியிருந்தவர்கள் திருட்டு மனை வாங்கியவர்களல்லர். முறையாக வீடு வாங்கியவர்கள். குழாய்ப் பாதைக்கு வெளியே இருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், பாதையின்மேலேயே வீடு கட்டுகிறவர் நிலை என்ன? நம் கீழ்க்கோடியில் குழாய் இல்லை என்று நிர்வாகம் வாயால் சொல்லுகிறது. வாயால் சொன்னதை எழுத்தில் தரட்டும்.

இனி, நம்மவர்கள் கேட்கும் சில கேள்விகளுக்கு வருகிறோம்.

"அங்கே இங்கே கம்பியின் கீழே வீடுகள் இருக்கின்றனவே, அவர்கள் வாழவில்லையா?" வாழ்கிறார்கள். ஒவ்வொரு நாளும் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, நகராண்மையின் அனுமதி இல்லாமல் வீடு கட்டக்கூடாது. அனுமதி இல்லாத வீட்டுக்கு மின்சார மீட்டர் வாங்குவதும் எளிதன்று. தலைக்கு மேலே லட்சக்கணக்கான வோல்ட் ஓட, வீட்டுக்குள்ளே மெழுகுவர்த்தி வைத்துப் பிள்ளைகள் படிக்கிற கொடுமையை நாம் பார்த்திருக்கிறோம்.

"இடிக்கச் சொன்னால் நஷ்டஈடு கிடைக்காதா?" முதலில் வந்தது கம்பியா, வீடா என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் நிலத்தில், நீங்கள் இருக்கும்போது கம்பி வருமானால், அறிவிப்பு உண்டு, ஆட்சேபம் உண்டு, நஷ்டஈடு உண்டு. நிலத்தையே அரசாங்கம் எடுத்துக்கொண்டால் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி ஈடு கேட்கலாம். தொகை போதாது என்றால் அதை மறுக்கவும் வழி உண்டு. ஆனால் கம்பி வந்த பின்னால், அதன் கீழே அனுமதியில்லாமல் போய்க் கட்டியவர் எதைக் காட்டிக் கேட்பார்?

"கம்பியின் கீழே இருந்தால் புற்றுநோய் வருமாமே?" ஒரு தாயார் இதைக் கேட்டார். பயமுறுத்தி உங்களை இணங்க வைக்க நாம் விரும்பவில்லை, உள்ளதைச் சொல்லுகிறோம். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-இல் இத்தகைய காந்தப்புலத்தை "ஒருவேளை காரணமாக இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது. நிரூபணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளன்று. நாம் வேண்டாம் என்று சொல்லுவதற்கு நோய்ப் பயம் தேவையில்லை. மற்றக் காரணங்களே போதும்.

இனி, நிலம் வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறோம். வீட்டிலே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: நில அலுவலகத்துக்குப் போய், லோட் எண்ணையும் கிராண்ட் எண்ணையும் கொடுத்து "சாரியான் ராஸ்மி", அதாவது அதிகாரபூர்வமான தேடல், கேளுங்கள். விற்கிறவர் பெயர் இருக்கிறதா, நிலம் விவசாயமா கட்டடமா, என்ன கட்டுப்பாடு, யாருடைய தடை மனு, என்ன வழியுரிமை என்பதெல்லாம் அதில் தெரியும்.

இரண்டு: நிலத்துக்கு நடந்து போங்கள். எல்லைக்கல்லைத் தேடுங்கள். மேலே கம்பி, கீழே மஞ்சள் குறிக்கம்பம், பக்கத்தில் ஆறு, வாய்க்கால் எல்லாம் பாருங்கள். எல்லை தெரியாவிட்டால் உரிமம் பெற்ற நில அளவையாளரைப் பிடியுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் செலவு பெரிதன்று.

மூன்று: கம்பியோ குழாயோ அருகில் இருந்தால், அதற்குரிய நிறுவனத்துக்கு லோட் எண்ணோடு கடிதம் எழுதுங்கள். பாதையின் அகலம் எவ்வளவு, எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். வோல்ட் கூடக் கூடப் பாதையின் அகலமும் கூடும். ஆகவே பக்கத்துத் தோட்டத்துக் கணக்கு நம் தோட்டத்துக்கு உதவாது. பதில் எழுத்திலே வரட்டும்.

நான்கு: நகராண்மையில் கட்டடப் படத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

ஐந்து: இவ்வளவும் முடிந்த பிறகுதான் பணம். அதுவும் வக்கீல் மூலம், முறையான ஒப்பந்தத்தோடு. சேமநிதிப் பணம் இரண்டாம் தடவை வராது.

கடிதம் எழுத வராதவர்கள் சங்க ஆபீசுக்கு வாருங்கள். நாம் எழுதித் தருகிறோம். இந்தத் தடவை நிலத்தையும் வந்து பார்க்கிறோம்.

கடைசியாக, நிர்வாகத்தின் கடிதத்துக்கு வருவோம். இங்கேதான் நம் ஒற்றுமைக்குப் பரீட்சை.

பட்டியலில் யாருக்கு எந்த மனை என்று பெயர் போட்டே வந்திருக்கிறது. 21 குடும்பங்களின் மனைகள் புள்ளிக்கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. "எங்கள் மனையில் குற்றம் இல்லையே, நாங்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம், மற்றவர்கள் பின்னால் பேசிக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்லுவது நம் காதுக்கும் வந்தது. அவர்கள் கெட்டவர்களல்லர். காத்திருந்து காத்திருந்து சலித்தவர்கள். இன்னும் ஒன்று சொல்லுகிறோம். அந்த 21 பெயர்களில் எம் தகப்பனார் பெயரும் இருக்கிறது. வருகிற ஆண்டு அவர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே இதை எளிதாகப் பேசுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

32 பேர் ஒன்றாக நின்று கேட்டால் நிர்வாகம் வரைபடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நாம் உறுதி சொல்லவில்லை. மறுத்துக் கடிதத்தையே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும். அந்த ஆபத்து உண்டு. ஆனால் 21 பேர் கையெழுத்துப் போட்டபின், மிச்சமுள்ள 11 பேர் தனியாகப் போய்க் கேட்டால் என்ன கிடைக்கும்? "மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்களே" என்ற பதில் கிடைக்கும். பிறகு அவர்கள் வேறு வழியில்லாமல் கம்பியின் கீழேயே வீடு கட்டுவார்கள். ஒரு நாள் அறிவிப்பு வரும். அன்றைக்கு அவர்கள் கூரையைக் கழற்றும்போது நாம் நம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு பெரியவர் கழற்றியதைப் பார்த்ததே நமக்குப் போதும்.

ஆகவே செயற்குழுவின் சார்பில் இந்தத் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

நிர்வாகம் நில அளவையாளரைக் கொண்டு மின்கம்பிப் பாதையை அளந்து, கல் நட்டுக் காட்ட வேண்டும். வேறு குழாயோ கம்பியோ இல்லை என்பதை எழுத்தில் தர வேண்டும். பாதைக்குள் விழும் 11 மனைகளையும் மேட்டுப் பக்கம், பழைய நாற்றுமேடை இருந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கிராண்ட் எடுத்து, அதில் கணவன் மனைவி இருவர் பெயரும் போட வேண்டும். வீடு முடிந்து, தண்ணீரும் விளக்கும் வந்து, குடிபுகும் சான்றிதழ் கிடைக்கும்வரை யாரையும் லயத்திலிருந்து வெளியேறச் சொல்லக்கூடாது.

கம்பியின் கீழே உள்ள நிலம் வீணாகப் போகுமோ என்று கவலை வேண்டாம். உரிய அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கீரை, மரவள்ளி, வேர்க்கடலை போன்ற தாழ்ந்த பயிர்களை 32 குடும்பமும் பொதுவாகப் போட்டுக்கொள்ளலாம். உயர்ந்த மரம் வேண்டாம், கொட்டகை வேண்டாம், நெருப்பு வேண்டாம். பகலிலே போய்ப் பாடுபட்டு வரும் இடமாக அது இருக்கட்டும். இரவிலே பிள்ளைகளைப் படுக்க வைக்கும் இடமாக இருக்க வேண்டாம்.

தோழர்களே, வெட்டக் கற்றுக் கொடுத்தபோது நம் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? பட்டையின் ஆழம் தெரியாமல் கத்தியை வைக்காதே, மரம் காயப்பட்டுவிடும் என்றார்கள். நிலத்துக்கும் அதுதான் பாடம். அதன்மேல் யார் யாருக்கு என்ன உரிமை என்று தெரியாமல் கடப்பாரையை வைக்காதீர்கள்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று தலைவர் இப்போது கேட்பார். அந்த 11 குடும்பங்களின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குங்கள். எம் தகப்பனார் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கை எப்படிப் போகிறது என்று நாமும் பார்க்கிறோம்.

வணக்கம்.

(தீர்மானம் நிறைவேறியது. 32 குடும்பத்தாரும் கை தூக்கினர். நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பப்பட்டிருக்கிறது. பதில் வந்ததும் இப்பத்திரிகையில் அறிவிக்கப்படும்.)